பல்பை மாற்றினால் பழுது போய்விடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சின்னமனூரில் இருசக்கர வாகன ஒயரிங் கடை வைத்திருக்கிறேன். இன்ஜின் வேலை பார்ப்பதில்லை. லைட், ஹாரன், இண்டிகேட்டர், பேட்டரி, செல்ப் மோட்டார், இவைதான் என் பிழைப்பு. உங்கள் மாவட்டப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவன். இருட்டில் முன்னால் போன பைக் மீது பின்னால் வந்த வண்டி மோதியது என்று செய்தி வரும். ஹெல்மெட் போட்டிருந்தாரா, வேகமாக வந்தாரா, குடித்திருந்தாரா என்பதெல்லாம் அதில் இருக்கும். முன்னால் போன பைக்கின் பின் விளக்கு எரிந்ததா என்று மட்டும் இருக்காது. தினமும் வண்டிகளின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற எனக்கு, அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

ஹெட்லைட் எரியாவிட்டால் ஓட்டுகிறவருக்கு அன்று மாலையே தெரிந்துவிடும். நேராகக் கடைக்கு வந்து நிற்பார். டெயில் லைட் அவிந்து மாதக்கணக்கானாலும் அவருக்குத் தெரியாது. பிரேக் லைட்டும் அப்படித்தான். தெரிய வேண்டியவர் பின்னால் வருகிறவர். அவரோ யாரென்றே தெரியாத ஆள், ஓவர்டேக் பண்ணிப் போய்விடுவார். 2017 ஏப்ரல் 1 முதல் புதிதாக வரும் இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் தானாக எரிய வேண்டும் என்று ஆக்கினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் லைட் சுவிட்சே இல்லாமல் போனதால், மாலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு தடவை வண்டியைச் சுற்றி வந்து பார்க்கும் பழக்கமும் போய்விட்டது. முன்னால் எரிகிறது, அப்போது பின்னாலும் எரியும் என்று நம்பிவிடுகிறார்கள்.

சட்டத்தில் குறை இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 105-வது விதி இருக்கிறது. பின்னால் எரியும் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்தில் இருந்து தெரிய வேண்டும், நம்பர் பிளேட்டை 15 மீட்டரில் இருந்து படிக்கும்படி வெளிச்சம் விழ வேண்டும் என்று அது சொல்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். 155 மீட்டரில் சிவப்பு தெரிந்தால் கார்க்காரருக்கு ஒன்பது நொடி கிடைக்கிறது. விளக்கு எரியாமல், கார் டிம்மில் வந்து, அந்த வெளிச்சத்தில்தான் பைக் கண்ணில் பட வேண்டும் என்றால் கிடைப்பது இரண்டு மூன்று நொடி. தேனியில் இருந்து கம்பம் போகிற சாலையில் விடியற்காலை நாலு மணிக்கு நின்று பாருங்கள். பால்காரர்கள், வாழை இலைக் கட்டு ஏற்றிச் சந்தைக்குப் போகிறவர்கள், பூக்காரர்கள் என எல்லாரும் அந்த நேரத்தில் ரோட்டில்தான் இருப்பார்கள்.

இந்த வண்டிகளில் பின் விளக்கு ஏன் அவிகிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. பெரும்பாலோர் நினைப்பது போல அது பல்பின் குற்றம் கிடையாது. பல்பு போவது வேறொரு பழுதின் அடையாளம். அந்தப் பழுதைத் தேடாமல் பல்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் இத்தனை வண்டிகள் இருட்டில் போகின்றன.

ஒரு பால்காரத் தம்பி வந்தார். பழைய நூறு சிசி வண்டி. "அண்ணே, பல்பு நிக்கவே மாட்டேங்குது. மாட்டுன வாரமே போயிருது. கம்பெனி பல்பு வாங்கிப் போட்டும் இதே கதைதான்" என்றார். பல கடை ஏறி இறங்கியவர். எல்லாக் கடையிலும் பல்பு மாற்றித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் பேட்டரியில் எரிவதில்லை. இன்ஜின் ஓடும்போது கரண்டு உண்டாக்கும் மேக்னட் காயிலில் இருந்து நேரடியாக வரும் ஏசி கரண்டில் எரியும். அதனால்தான் ஆக்சிலேட்டர் முறுக்கினால் வெளிச்சம் கூடும், விட்டால் மங்கும். இன்ஜின் வேகம் கூடக் கூட காயில் தரும் வோல்டேஜும் ஏறிக்கொண்டே போகும். மிஞ்சியதை எர்த்துக்கு, அதாவது கரண்டு திரும்பிப் போகும் வழியான வண்டியின் இரும்பு உடம்புக்கு, தள்ளிவிடுவது ஆர்.ஆர். யூனிட் என்று நாங்கள் சொல்லும் ரெகுலேட்டரின் வேலை. வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, ஹெட்லைட் ஒயர்கள் இணையும் கப்ளரில் குத்திப் பார்த்தேன். ஐடிலிங்கில் சரியாக இருந்தது. கொஞ்சம் ரேஸ் கொடுத்ததும் 13, 14 அளவில் நிற்க வேண்டிய எண் நிற்காமல் 18-ஐத் தாண்டியது. யூனிட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும், இல்லையா? அதற்கு முன் அதன் எர்த்து ஒயர் போய்ச் சேரும் போல்ட்டைக் கழற்றினேன். ஒயர் முனையில் துரு, அதற்கடியில் பெயிண்ட், இடையில் பச்சைப் பூஞ்சை போலக் களிம்பு. தள்ளிவிட இடமில்லாமல் மிஞ்சிய வோல்டேஜ் முழுக்க பல்புக்கே போயிருக்கிறது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, முனையை மாற்றி இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். வோல்டேஜ் அடங்கிவிட்டது. யூனிட் நன்றாகத்தான் இருந்தது.

இழைப் பல்பின் கணக்கு ஒன்று இருக்கிறது, வண்டி வைத்திருக்கும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. வோல்டேஜ் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். குறைந்தாலும் நஷ்டம்தான். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 10 வந்தால் வெளிச்சம் பாதிக்குப் பக்கமாகக் குறைந்துவிடும். பல்பு எரிந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் 155 மீட்டருக்குத் தெரியாது. அதனால் 'எரிகிறதே' என்பது போதாது.

இன்னொரு வண்டி, பேட்டரியிலேயே எல்லா லைட்டும் எரிகிற வகை. ஒரு ஆசிரியை கொண்டுவந்தார். பிரேக் பிடித்தால் பின்னால் பிரேக் லைட் எரியவில்லை. ஆனால் நாலு இண்டிகேட்டரும் லேசாக மினுங்கின. பேய் பிடித்தது போல இருக்கிறது என்று அவர் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஒயரிங் முழுக்க மாற்ற வேண்டும் என்று வேறொரு கடையில் சொல்லி, அதற்கு ஒரு பெரிய தொகையும் கேட்டிருக்கிறார்கள். இந்த அறிகுறியைப் பார்த்ததும் பின்பக்க எர்த்து அறுந்திருக்கிறது என்று ஒயரிங் தெரிந்தவர் யாரும் சொல்லிவிடலாம். டெயில் லைட்டுக்கும் பின் இண்டிகேட்டர்களுக்கும் பொதுவாக ஒரே எர்த்து ஒயர். அது விட்டுப்போனால் பிரேக் லைட் வழியாக வந்த கரண்டுக்குத் திரும்பிப் போக வழி இல்லை. அது பின் இண்டிகேட்டர் பல்புக்குள் புகுந்து, ஒயர் வழியாக முன் இண்டிகேட்டருக்குப் போய், அங்கே இருக்கும் நல்ல எர்த்தில் இறங்குகிறது. மூன்று பல்பைத் தாண்டிப் போவதால் எதுவும் முழுதாக எரியாது, இண்டிகேட்டர் மினுங்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை டெயில் லைட் ஹோல்டரின் உடம்பிலும் வைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். ஒயர் நன்றாக இருந்தால் மீட்டரில் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். பல வோல்ட் காட்டியது. சீட்டைத் தூக்கி கப்ளரைப் பிரித்தால் எர்த்து ஒயரின் பின் (இணைப்பு முள்) மட்டும் கறுத்து, பிடிமானம் இல்லாமல் கிடந்தது. எங்கள் பக்கம் ஜூன் மாதம் தொடங்கினால் மேற்கே இருந்து சாரல் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஈரம் போதாதென்று சர்வீஸில் பிரஷர் தண்ணீர் வேறு சீட்டுக்கு அடியில் அடிக்கிறார்கள். அந்த ஒரு பின்னை மாற்றியதோடு அவர் வண்டி சரியாகிவிட்டது. பழைய ஒயரிங் இன்றும் அதில்தான் ஓடுகிறது.

எர்த்து ஒயர் எது என்பதிலேயே நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். கறுப்பு என்றால் எர்த்து என்று பழகியிருக்கிறோம். யமஹா வண்டிகளில் அது சரி. சுசுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டது எர்த்து. ஹோண்டா வழி வந்த வண்டிகளில் எர்த்து பச்சை. அவற்றில் கறுப்பு, சாவி போட்டதும் பாசிட்டிவ் வரும் ஒயர். யாரோ ஒரு பையன் இணையத்தில் பார்த்துவிட்டு எல்ஈடி பட்டை மாட்ட வருவான், பட்டையின் கறுப்பை வண்டியின் கறுப்போடு முறுக்கி, சிவப்பை பாடியில் சேர்ப்பான். எரியாது. எரியவில்லையே என்று இடம் மாற்றி மாற்றிக் குத்துவான், ஃப்யூஸ் போகும். ஃப்யூஸ் போனதும் அதன் இடத்தில் செம்புக் கம்பியோ சிகரெட் அட்டையின் வெள்ளித் தாளோ வைப்பான். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. 10 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று ஃப்யூஸில் எழுதியிருப்பது ஒயர் தாங்கும் அளவைப் பார்த்துத்தான். கம்பி வைத்தால் அடுத்த ஷார்ட்டில் உருகப்போவது ஒயர். அது ஓடுவதோ பெட்ரோல் டேங்குக்கு அடியில். வண்டி தீப்பிடித்தது என்ற செய்தியை வாசித்தால் எனக்கு இந்தக் கம்பிதான் ஞாபகம் வரும்.

இண்டிகேட்டர் வேகமாக அடித்தால் ஏதோ ஒரு பல்பு போயிருக்கிறது என்று பொருள், அல்லது இழைப் பல்புக்குப் பதில் எல்ஈடி மாட்டியிருக்கிறார்கள். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் பழைய வகை ஃபிளாஷர் எவ்வளவு கரண்டு போகிறது என்பதை வைத்தே துடிக்கும். 10 வாட் பல்பு இரண்டு இருந்த இடத்தில் ஒன்றோ இரண்டோ வாட் எல்ஈடி வந்தால் கணக்கு தவறிவிடும். எல்ஈடிக்கு என்றே வரும் ஃபிளாஷர் போட்டால் தீர்ந்தது. சில கடைகளில் கரண்டைக் கூடுதலாக இழுக்க ரெசிஸ்டர் வைத்துத் தருகிறார்கள். அது கொதிக்கிற கொதிப்பில் பக்கத்து பிளாஸ்டிக் இளகிவிடும், வேண்டாம். ஹெட்லைட்டில் வெள்ளை எல்ஈடி பல்பு மாட்டுவதும் இப்படித்தான். 35 வாட் ஹாலஜனுக்கு என்று செய்த கண்ணாடிக்குள் வேறு வடிவ பல்பைத் திணித்தால் வெளிச்சம் ரோட்டில் விழாது, எதிரே வருகிறவர் கண்ணில் விழும்.

ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் லைட் போய்ப் போய் வருகிறதா? கழுத்துப் பகுதியில் ஒயர் ஒடிந்திருக்கும். வெளியே ரப்பர் உறை முழுதாக இருக்கும், உள்ளே செம்பு இழைகள் இரண்டோ மூன்றோ மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஹேண்டிலை ஒரு பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஒயராக விரலால் வளைத்து, எது சாதாரணமாக இருக்க வேண்டியதைவிடத் துவள்கிறது என்று தொட்டுத்தான் உணர வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும்.

இங்கேதான் எங்கள் தொழிலின் சிக்கல் இருக்கிறது. பல்பு 20, 30 ரூபாய். மாட்டிக்கொடுத்தால் வாடிக்கையாளர் சந்தோஷமாகக் காசு கொடுப்பார், கையில் பழைய பல்பு இருக்கிறது, புதுசு எரிகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு மணி நேரம் மீட்டர் பிடித்து, டேங்கைக் கழற்றி, கடைசியில் ஒரு துருப்பிடித்த போல்ட்டைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு 200 ரூபாய் கேட்டால், "என்ன சாமான் போட்டீங்க?" என்று கேட்கிறார்கள். சாமான் எதுவும் போடவில்லை என்றால் கூலியும் இல்லை என்ற நினைப்பு. அதனால் நன்றாக வேலை தெரிந்த மெக்கானிக்குகள்கூட தேடுவதை விட்டுவிட்டு பல்பை மாற்றியே அனுப்பிவிடுகிறார்கள். அல்லது இருக்கிற நல்ல ஒயரிங்கையும் தூக்கிப்போட்டுப் புதுசு மாட்டி, அந்தக் கணக்கில் கூலியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆசிரியையிடம் கேட்ட பெரிய தொகையின் பின்னால் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். டாக்டர் என்ன நோய் என்று சொன்னால் அதற்கு ஃபீஸ் கொடுக்கிறோம். பழுதைக் கண்டுபிடிப்பதற்கும் கூலி உண்டு என்று வாசகர்கள் ஏற்றுக்கொண்டால் தொழில் செய்கிறவர்கள் தேடுவார்கள். என் சக மெக்கானிக்குகளுக்கும் ஒரு வார்த்தை. அதே பல்பு மூன்றாவது தடவையாகப் போகிறது என்று ஒருவர் சொன்னால், பல்பு டப்பாவைத் திறப்பதற்கு முன் மீட்டரை எடுங்கள். பேட்டரி வண்டியில் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வரை இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. இருட்டியதும் வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி இன்ஜினை ஓடவிடுங்கள். திரும்பிப் பார்த்தால் சுவரில் சிவப்பு விழுந்திருக்க வேண்டும். இப்போது கை பிரேக்கை மட்டும் பிடியுங்கள், சிவப்பு நன்றாகக் கூட வேண்டும். விட்டுவிட்டு கால் பிரேக்கை மட்டும் மிதியுங்கள், அப்போதும் கூட வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. ஒன்று வேலை செய்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கால் பிரேக் சுவிட்ச் ஒரு சின்ன ஸ்பிரிங்கில் தொங்குவது. சேறு ஏறிச் சிக்கிக்கொண்டால் பிரேக் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் எப்போது பிரேக் பிடிக்கிறீர்கள் என்றே தெரியாது. டெயில் லைட்டே எப்போதும் பளீரென எரிந்து, பிரேக் பிடித்ததும் வெளிச்சம் கூடுவதே தெரியாவிட்டால், யாரோ இரட்டை இழைப் பல்பை (டெயிலுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட் என ஒரே பல்பில் இரண்டு இழை) திருப்பி மாட்டியிருக்கலாம். அதன் இரண்டு பக்கக் காதுகளும் வேறு வேறு உயரத்தில் இருப்பதே திருப்பி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான். திருகி அழுத்தி மாட்டிவிடுகிறார்கள். 5 வாட் எரிய வேண்டிய நேரத்தில் 21 வாட் எரிந்து ஹோல்டரும் உருகும்.

இலைக் கட்டு ஏற்றுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். டெயில் லைட் எவ்வளவு நன்றாக எரிந்தாலும் கட்டு அதை மூடிவிடுகிறது. பால் கேன் தொங்கவிடும் வண்டிகளில் இண்டிகேட்டர் மறைந்துவிடுகிறது. கட்டின் பின்புறம் சிவப்பு ரிப்ளெக்டர் பட்டை ஒட்டிய ஒரு துணியைக் கட்டிக்கொண்டால் பின்னால் வருகிறவரின் ஹெட்லைட்டில் அது மின்னும். செலவு அதிகமில்லை. கேன் மாட்டும் கம்பியின் பின் ஓரத்திலும் இதையே ஒட்டலாம்.

சொந்த உபயோகத்துக்கான பைக்கின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகுதான் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அப்போதுதான் அதிகாரி வண்டியைப் பார்ப்பார். அதுவரை, வண்டி வாங்கிய நாளில் இருந்து பின் விளக்கு எரிகிறதா என்று அரசு சார்பில் யாரும் பார்க்கும் ஏற்பாடு இல்லை. போலீஸ் சோதனையில் ஹெல்மெட்டும் லைசென்ஸும் இன்சூரன்ஸும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அது தேவைதான். கூடவே "பிரேக்கைப் பிடிங்க" என்று ஒரு சொல் சொல்லி பின்னால் ஒரு பார்வை பார்க்கலாமே. முதல் தடவை அபராதம் வேண்டாம், எரியவில்லை என்று சொல்லி அனுப்பினாலே பெரும்பாலோர் மறுநாள் கடைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் நடத்துகிறார்கள். பேரணி, கோலப்போட்டி, துண்டுப் பிரசுரம் எல்லாம் நடக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் காவல் துறையும் சேர்ந்து அந்த மாதத்தில் மாலை ஆறு மணிக்கு ஒவ்வொரு ஊரின் பேருந்து நிலையம் பக்கத்தில் விளக்குச் சோதனை முகாம் வைக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன். ஐ.டி.ஐ.யில் மோட்டார் தொழிற்பிரிவு படிக்கும் மாணவர்களைக் கூட்டிவந்தால் அவர்களுக்கும் இது நல்ல பயிற்சி. பல்பு, ஃப்யூஸ், கப்ளர் பின் ஆகியவற்றின் செலவை வண்டிக்காரர் கொடுத்துவிடுவார். கூலி வாங்காமல் மீட்டரோடு வந்து நிற்க நானும் எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் சிலரும் தயார். எந்த இடம், எந்தத் தேதி என்று சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
இருசக்கர வாகன ஒயரிங் கடைக்காரர்,
சின்னமனூர், தேனி மாவட்டம்.